மஞ்சள் அடித்த மன்னிப்பு

நான் எழுதிய முதல் மென்பொருள் ஒரு பிழையும் இல்லாமல் வேலை செய்தது. எங்கள் குடும்பத்துக்கு வந்த கேடே அதுதான்.

என் சித்தி ரோஸ்லின் கள்ளக்குறிச்சியில் வீட்டிலிருந்தபடியே கல்வராயன் மலைத் தேனும் சாமையும் கடுக்காய்ப் பொடியும் இணையத்தில் விற்கிறார். பொருள் வரவில்லை என்று யாராவது தங்கள் வங்கியில் புகார் கொடுத்தால், வங்கி முதலில் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்புறம்தான் விற்றவரிடம் விளக்கம் கேட்கும். சித்திக்கு விளக்கம் எழுத வராது. அப்படிச் சும்மா இருந்தே சில புகார்களில் தோற்றிருந்தார். இன்னொன்றில் தோற்றால் கடைக் கணக்கையே முடக்கிவிடுவோம் என்று, பணம் வசூலித்துத் தரும் நிறுவனம் எச்சரித்திருந்தது. கிறிஸ்துமஸ் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சித்திக்கு வருஷத்தில் வியாபாரம் சூடுபிடிப்பதே அப்போதுதான்.

பொறியியல் முடித்த கையோடு ஊருக்கு வந்திருந்த நான், "இதெல்லாம் ஒரு வேலையா சித்தி?" என்று களத்தில் இறங்கினேன். (இந்த வாக்கியத்தைச் சொல்ல இப்போது வீட்டில் எனக்கு அனுமதி இல்லை.)

பட்டியல் போடாமல் எனக்குப் பல் விளக்கக்கூட வராது. மென்பொருளுக்கும் போட்டேன். புகார் வந்ததும் அது கூரியர் ரசீதை எடுக்க வேண்டும். பார்சலைக் கொடுத்தபோது பிடித்த படத்தை எடுக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலைத் துழாவி, பணத்தைப் பற்றியும் பொருளைப் பற்றியும் விற்பவர் சொன்ன முக்கியமான வாக்கியங்களுக்கு மஞ்சள் அடித்து முதல் பக்கத்தில் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் கோத்துத் தானாகவே வங்கிக்கு அனுப்பிவிட வேண்டும். பட்டியலின் அடியில் 'அனுப்பும் முன் ஒரு ஆள் படித்துப் பார்க்கட்டும்' என்றும் ஒரு வரி இருந்தது. அதை அடித்துவிட்டேன். தவறு செய்வது மனிதர்கள்தான் என்பது அன்றைய என் கொள்கை.

முதல் வழக்கு சென்னையிலிருந்து வந்தது. தேன் கேட்டிருந்த ஒரு அம்மா, மழையில் பார்சல் தாமதமானதும் புகார் கொடுத்துவிட்டார். மறுநாளே தேன் போய்ச் சேர்ந்தது. பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிரிக்கிற படம்கூட எங்களிடம் இருந்தது. புகாரை மட்டும் அவர் திரும்பப் பெறவில்லை. இதைவிட லேசான வழக்கு ஒரு வக்கீலின் கனவில்கூட வராது. சித்தப்பாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, பதில் தானாகப் பறந்து போவதைக் காட்டினேன். அவர் கைதட்டினார். நான் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன்.

சில நாளில் வங்கியின் முடிவு வந்தது. விற்றவரே தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பதால் பணம், பொருளை வாங்கியவருக்கே. அன்று மாலை கடைக் கணக்கு முடங்கியது.

"நான் எப்போ ஒத்துக்கினேன்?" என்றார் சித்தி.

நாங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்தேன். முதல் பக்கம் முழுக்க மஞ்சள். பார்சல் தாமதமான அன்று அந்த அம்மாவுக்குச் சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. 'தப்பு எங்க மேலதாங்க. மன்னிச்சிக்குங்க. தேன் வராம உங்க காசு எங்களுக்கு எதுக்குங்க.'

சித்தி அப்படித்தான். மழை பெய்தாலும் மன்னிப்புக் கேட்பார். ராங் நம்பர் வந்தாலும் மன்னிப்புக் கேட்பார். அந்த அம்மா சிரிக்கிற படம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதுவரை புரட்ட வங்கிக்கு அவசியமே வரவில்லை.

"அது மரியாதிக்கு சொல்றது பாப்பா. அதப் போயி ஏன் பேங்குக்குக் காட்டன?"

சித்தப்பா கோப்பை நிதானமாகப் பார்த்தார். "நமக்காக சண்ட போடட்டும்னு ஒரு ஆள அனுப்பனா, அது நேரா போயி கால்ல வுழுந்துட்டு வந்துக்கீது."

அந்த அம்மாவிடமே போனில் கேட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று. சித்தி பேச வேண்டியதை வரிசையாக எழுதிக் கொடுத்து, மன்னிப்பு மட்டும் கேட்காதே என்று காலைத் தொடாத குறையாகக் கெஞ்சினேன்.

சித்தி ஆரம்பித்தார். "தொந்தரவு குடுக்கறதுக்கு மன்னிச்சிக்குங்கம்மா…"

அந்தப் பக்கம் அந்த அம்மா பதறினார். "ஐயோ, புகார் குடுத்ததையே மறந்துட்டேங்க. தப்பு என்னோடதுதான்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அதுதான்.

"அப்டி சொல்லாதீங்கம்மா," என்றார் சித்தி. "பார்சல் லேட்டானது எங்க தப்புதான்."

போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

நல்லவேளை, தேன் வந்துவிட்டது என்று அந்த அம்மாவே வங்கிக்கு எழுதிக் கொடுத்தார். கணக்கு திரும்பவும் உயிர்பெற்றது. ஆனால் அதற்குள் பொங்கல் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்காக வாங்கி வைத்த தேனை, ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் மேசை போட்டு நானே விற்றேன். (வேலை கிடைக்கவில்லையா என்று பாதிரியார் உட்பட எல்லோரும் கனிவாக விசாரித்தார்கள்.) பட்டியலில் அடித்துவிட்ட அந்த வரியை மென்பொருளில் சேர்த்தேன். இப்போது படித்துப் பார்க்கும் ஆள் சித்தப்பா.

அன்று முதல் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக மன்னிப்புக் கேட்க முடிவதில்லை. போன மாதம் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன ஒரு டிராக்டர் எங்கள் பைக்கை உரசிவிட்டது. நான் நியாயம் கேட்க இறங்கினேன். சித்தப்பா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்.

"நீ வாயத் தொறக்காத பிரின்சி. இப்போ தப்பு அவன் மேல கீது. நீ பேசனா நம்ம மேல வந்துடும்."

டிராக்டர்காரர் இறங்கி வந்து தலையைச் சொறிந்தார். "மன்னிச்சிக்கண்ணே, பாக்கல."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஒத்துக்கினான். மஞ்சள் அடி."