ஏழாம் பிரிவும் கண்ணாடிச் சன்னலும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஆங்கிலச் சக்கரவர்த்தியின் லொறிகள் கடலோரக் களப்புக்குப் போய்ச் சேர ஒரு பாதை அவசியம் என்று தீர்மானமாயிற்று. அப்பாதை குறிஞ்சிப்பிட்டியில் கரைவலைக்காரர் அருளப்புவின் வீட்டுக் குசினி வழியாகப் போக வேண்டும் என்பதும் அதே தீர்மானத்தில் அடங்கியிருந்தது.

ஊர்த்தலைவர் விதானை அறிவித்தலைக் கிடுகுச் சுவரில் செருகிவிட்டுப் போனார். அருளப்பு அதை வாசிக்கவில்லை.

"நாலு பேரைக் கூப்பிட்டுத் தூணைப் பிடுங்கி அங்கால நட்டாச் சரி. போன கச்சான் காத்துக்குக் கடல் ஏறினபோதும் அப்பிடித்தானே செய்தம்," என்றார்.

கதை இவ்விடத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் மூத்த மகள் கத்தரினா கொழும்பு சர்வகலாசாலையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். அறிவித்தலை அவள் எடுத்து வாசித்தாள்.

"இடம் மாறுறது தோல்வியப்பா. ஆறாம் பிரிவின்படி மதிப்பில்லாத வீடு இடிபடும். ஏழாம் பிரிவைக் கேளுங்கோ: நிலையான அபிவிருத்திகளால் மதிப்பு உயர்ந்த வீடு இடிக்கப்படமாட்டாது. பாதைதான் வளைய வேணும்."

"பாதை வளையுமா?"

"சட்டம் இருக்கு. வளையத்தான் வேணும்."

"மொத்தம் ஆறு தூண்தான், மகள்," என்றாள் தாய் பாக்கியம்மா. "பிடுங்கிறது லேசு."

"லேசான காரியத்துக்கு மதிப்புக் கிடையாதம்மா."

இந்த வாக்கியம் தனக்கே பிடித்துப்போனதால் கத்தரினா அதை இரண்டு முறை சொன்னாள். ஏழாம் பிரிவிலேயே வாதத்தில் வென்றுவிட்டபடியால் எட்டாம் பிரிவை வாசிக்கும் அவசியம் அவளுக்கு ஏற்படவில்லை.

கரைவலையில் அருளப்புவுக்கிருந்த பங்கு வலை முதலாளியான சம்மாட்டிக்கு விலைபோயிற்று. கல்லும் சுண்ணாம்பும் வந்தன. கொழும்பில் தோழி வீட்டில் கண்ட மேன்மைகளையெல்லாம் கத்தரினா இங்கே நிறுவினாள். கார் வந்து நிற்க ஒரு போர்ட்டிக்கோ. பாதை வரும் பக்கமாக ஒரு கண்ணாடிச் சன்னல். திறப்பதற்கு அல்ல, தெரிவதற்கு. உள்ளே ஒரு தொப்பித் தாங்கி. வீட்டில் தொப்பி இல்லாதபடியால் பாக்கியம்மா அதில் கருவாட்டைத் தொங்கவிட்டாள்.

அடுத்த வளவு மனுவேலின் கொட்டிலும் அதே பாதையில்தான் இருந்தது. அவன் வந்து புது வீட்டைச் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணன், இதை எந்தப் பக்கத்தால தூக்கிறது?"

"இது தூக்கிற வீடில்லை," என்றாள் கத்தரினா பெருமையுடன்.

மறுநாள் எட்டுப் பேர் சேர்ந்து மனுவேலின் கொட்டிலைப் பெயர்த்து முப்பது அடி தள்ளி வைத்தார்கள். பத்து மணிக்கு அவன் பெண்சாதி புது இடத்தில் உலை வைத்துவிட்டாள்.

பிறகு மதிப்பீட்டு உத்தியோகத்தர் விஜயம் செய்தார்.

"போர்ட்டிக்கோவுக்குக் கார் எங்கே?"

"வரக்கூடிய சாத்தியம் இருக்கிறது, ஐயா," என்றாள் கத்தரினா.

"சாத்தியத்துக்கும் மதிப்புண்டு," என்று எழுதிக்கொண்டார். தொப்பித் தாங்கியை நெடுநேரம் பார்த்தார். "இது?"

"காற்றோட்டத்துக்குச் சான்று."

அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் வாரம் விதானை கடிதம் கொண்டுவந்தார். வீடு இடிக்கப்படமாட்டாது. கத்தரினா வெற்றியோடு அப்பாவை நோக்கினாள்.

"மறுபக்கமும் இருக்குது, பிள்ளை," என்றார் விதானை.

மறுபக்கத்தில் எட்டாம் பிரிவு இருந்தது. இடிக்கப்படாத மதிப்புள்ள வீடுகள், பாதை போடும் துரைமாரின் வாசத்துக்காக உடனே ஒப்படைக்கப்பட வேண்டும்.

மனுவேல் தன் கொட்டிலில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தான். அருளப்பு தான் பங்காளியாய் நின்ற வலையையே இப்போது கூலிக்கு இழுத்தார். மகளை அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கத்தரினாவால் மறுக்க முடியாத வாதம் அது ஒன்றுதான்.

ஆகவே அவள் மனு எழுதினாள், பதினொரு பக்கம். போர்ட்டிக்கோத் தூணின் உள்ளே இருப்பது வெறும் மணல், சன்னல் திறக்காது, தாங்கியில் தொப்பியை மாட்டினால் துரையின் தலை கருவாடு மணக்கும், ஆகையால் இது துரை வசிக்கத்தக்க வீடே அல்ல.

அரசாங்கக் கந்தோர் அவளது வாதத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டது. துரை புத்தளத்துக்குப் போனார். மதிப்பு நீங்கிய வீடு ஆறாம் பிரிவுக்குள் இறங்கிற்று. வளையத் தொடங்கியிருந்த பாதை மறுபடி நிமிர்ந்து, சன்னலால் நுழைந்து குசினியால் வெளியேறியது. இரண்டு வாதங்களிலும் கத்தரினாவே வென்றாள்.

அடுத்த மாதம் இரண்டாம் பாதைக்கு அறிவித்தல் வந்தது. இம்முறை மனுவேலின் கொட்டில் வழியாக. அவன் அளவுக் கயிற்றோடு கத்தரினாவிடம் வந்தான்.

"பிள்ளை, உங்கட வீடு ஏன் இடிபட்டதெண்டு ஊரில எல்லாரும் கதைச்சம்."

"ஏனாம்?"

"மதிப்புக்கு ஒரு சன்னல் காணாது. நான் ரெண்டு வைக்கப்போறன். வலைப்பங்கைக் கேட்டு சம்மாட்டியும் வந்திட்டார். ரெண்டு காணும்தானே?"

அருளப்பு மகளைப் பார்த்தார். பதில் நாலே சொல்: தூணைப் பிடுங்கி அங்கால நடுங்கோ. அதைச் சொல்ல எந்தப் பிரிவையும் வாசிக்கத் தேவையில்லை. அதுதான் குறை.

"அறிவித்தலைத் தாங்கோ," என்றாள் கத்தரினா.

அனுபவம் வீண்போகவில்லை, இம்முறை எட்டாம் பிரிவையும் கவனமாக வாசித்தாள். ஒன்பதாம் பிரிவு மறுபக்கத்தில் இருந்தது.