வலப்பக்கம் நாளைக்குப் பார்க்கலாம்

அன்று காலை வன்னியராஜ் வெட்டிய பள்ளிக்கூடச் சட்டைக்கு மூன்று கைகள் இருந்தன.

முதலாளி பிச்சைக்கனி மூன்றையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பி, மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். திருவனந்தபுரத்தில், சாலை பஜாரில், யூனிஃபார்ம் தைக்கிற கடை அது. மே மாதம் பாதி ஓடிவிட்டது. ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

"வே மாஸ்டர், மூணு கையுள்ள பிள்ள எந்த ஸ்கூல்ல வே படிக்கி?"

"மன்னிச்சிருங்க மொதலாளி. ராத்திரி ஒறக்கமே இல்ல."

"ஊருக்கெல்லாம் வெக்கதான். உமக்கு மட்டும் என்ன தனியா?"

"மொட்டமாடிக்கு நேர் கீழ என் ரூம்பு. கட்டில்ல படுத்தா தோசக்கல்லுல படுத்த மாதிரி இருக்கு. அர மணிக்கு ஒருக்க நானே என்னத் திருப்பிப் போட்டுக்கிடுதேன்."

வன்னியராஜ் பொய் சொல்லவில்லை. அவரும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டார். மெத்தைமேல் தண்ணீர் தெளித்துப் படுத்தார். அது இட்லிக் கொப்பரை மாதிரி ஆவிவிட ஆரம்பித்தது. மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு வெறும் பலகையில் படுத்தார், முதுகு பிடித்துக்கொண்டது. தரையில் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றி அதில் படுத்தார். தண்ணீர் கசிந்து கீழ்வீட்டு ஜெபமலரின் டிவிக்குள் இறங்கியது. இத்தனை அமர்க்களத்திலும் அவர் மனைவி உலகம்மாள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு குறட்டை விட்டாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இன்னும் கொஞ்சம் வேர்த்தது.

"குளுகுளுன்னு ஒரு மெத்தையா வாங்கிப் போடும்" என்றார் பிச்சைக்கனி. "அடுத்த சட்டைக்கு ரெண்டு கைக்கு மேல ஒரு கை வந்தாலும், நீரு உம்ம ஊரு சங்கரன்கோவிலுக்கே போயி ஒறங்கிக்கிடலாம்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வன்னியராஜ் தம்பானூருக்கு நடந்தார். பஸ் ஸ்டாண்டு தாண்டி ஒரு மெத்தை ஷோரூம் உண்டு. கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தாரோ இல்லையோ, ஏசிக் காற்று உச்சந்தலையைத் தடவிக் கொடுத்தது. கழுத்தில் டை கட்டிய ஓர் இளைஞன், பெரிய மெத்தை ஒன்றை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, இது சூடு பிடிக்காத மெத்தைதானே?"

அவன் ஒரு கணம் விழித்துவிட்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். "கிடந்து நோக்கணும் சாரே. கிடக்காதெ எங்ஙனெ அறியும்? ஞான் ஷைஜு. சாரு தைரியமாயிட்டு கிடக்கணும்."

வன்னியராஜ் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

கண் விழித்தபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது. ஷைஜு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்ஙனெ உண்டு சாரே?"

விலைச்சீட்டு கண்ணில் பட்டது. வாங்க முடியாது என்று சொல்ல வன்னியராஜுக்கு வாய் வரவில்லை. "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா எடப்பக்கமா மட்டும்தான் படுத்துப் பாத்தேன்."

"அது சரியா. வலப்பக்கம் நாளைக்கு நோக்காம். ஒந்நும் அவசரமில்லா."

இப்படிக் குணமான சேல்ஸ்மேனை வன்னியராஜ் தன் ஆயுளில் கண்டதில்லை. மறுநாள் வலப்பக்கம் பார்த்தார். மூன்றாம் நாள் மல்லாந்து பார்த்தார். நான்காம் நாள் குப்புற. கடையில் அவர் கத்தரி பறந்தது. கைகளெல்லாம் சட்டைக்கு இரண்டாகவே வந்தன. "மெத்த வாங்கியாச்சா?" என்று பிச்சைக்கனி கேட்டபோது, "பாத்துக்கிட்டே இருக்கேன் மொதலாளி" என்றார். அதுவும் பொய்யில்லை.

ஐந்தாம் நாள் பில் போடுகிற பெண் ஆதிரா கவுண்டரிலிருந்து உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். வன்னியராஜுக்கு மனசாட்சி குத்தியது. ஒரு மெத்தைக்கு ஐந்து நாள் அதிகம்தான். ஷைஜுவுக்கல்லவா முதலாளியிடம் ஏச்சு விழும்!

"தம்பி" என்றார் தாழ்ந்த குரலில், "எனக்கு ஒரு மெத்தை இல்ல, இருபது மெத்தை வேணும். நான் ஒரு லாட்ஜ் தொடங்கப் போறேன். அதான் நிதானமாப் பாக்கேன்."

ஷைஜு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "லாட்ஜோ! இது மொதல்லயே சொல்லண்டே சாரே! இருபது மெத்தைக்கு ஒரு மாசமெங்கிலும் நோக்கணும்!" ஓடிப்போய் ஆதிராவிடம் எதையோ கிசுகிசுத்துவிட்டுத் திரும்பினான்.

அன்றிலிருந்து உபசாரம் கூடிவிட்டது. எலுமிச்சை ஜூஸ் இரண்டு கிளாஸ் வந்தது. ஒன்றை ஷைஜு குடித்தான். தலையணை வந்தது, போர்வை வந்தது, அணைத்துக்கொள்ள நீளத் திண்டு ஒன்றும் வந்தது. உபசாரம் கூடக் கூட வன்னியராஜுக்குப் பயமும் கூடியது. பயம் கூடக் கூடத் தூக்கம் அருமையாக வந்தது.

பத்தாம் நாள் கீழ்வீட்டு ஜெபமலர் பஸ்ஸில் போகும்போது ஷோரூம் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள். டிவி போன ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. பார்த்ததில் பாதியை மட்டும் உலகம்மாளிடம் சொன்னாள்.

"யக்கா, ஒங்க வீட்டுக்காரரு பட்டப்பகல்ல தம்பானூர்ல போர்த்திக்கிட்டுக் கட்டில்ல கெடக்காரு."

மறுநாள் மதியம் ஷோரூம் கதவு படாரென்று திறந்தது.

"எங்க அவ?"

வன்னியராஜ் விழிப்பதற்குள் உலகம்மாள் போர்வையை உருவி எறிந்தாள். உள்ளே அவர் திண்டை இறுகக் கட்டிப் பிடித்திருந்தார்.

"அட மனுஷா, வீட்டுல ராத்திரிப் பூரா வேக்குது வேக்குதுன்னு என்னத் தள்ளிப் படுக்கச் சொல்லிட்டு, இங்க வந்து இதக் கட்டிப்பிடிச்சிக்கிட்டுக் கெடக்கீரே!"

"உலகு, மெதுவாப் பேசு. ஒறங்கத்தான் வந்தேன்."

"அதான் தெரியுதே!"

இந்தச் சமயம் பார்த்து ஆதிரா கையில் தாள்களோடு வந்தாள். "சார், இருபது மெத்தையும் குடோன்லேந்து வந்தாச்சு. லாட்ஜ் அட்ரஸ் சொன்னா லாரி இப்போத்தன்னெ போகும்."

"லாட்ஜா?" என்ற உலகம்மாள் அந்த மெத்தைமேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

வன்னியராஜுக்குத் தப்பிக்க வழியில்லை. ஷைஜு தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவுப்பக்கம் நகர்வதைக் கண்டதும் அவர் நெஞ்சு கலங்கிவிட்டது. தன்னால் ஒரு நல்ல பிள்ளைக்கு வேலை போகப்போகிறதே! பாய்ந்து அவன் கையைப் பிடித்து ஆதிராவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அம்மா, எனக்கு லாட்ஜும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் துணி வெட்டுறவன். வீட்டுல வெக்க தாங்காம இங்க ஒறங்க வந்தேன். தப்பெல்லாம் என்மேலதான். இந்தத் தம்பி பாவம், மொகம் சுளிக்காம இத்தன நாளும் என்னக் கவனிச்சிக்கிட்டான். தயவுசெஞ்சு இவன வேலையவிட்டு மட்டும் எடுத்திராதீங்க."

ஆதிரா வன்னியராஜைப் பார்த்தாள். ஷைஜுவைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள்.

"இவர் எங்க கடை ஸ்டாஃப் அல்ல சாரே! லாட்ஜ்னு நீங்க சொன்ன நாளிலேந்து, தினமும் நீங்க எழுந்து போனதும், 'ஞான் சாரோட லாட்ஜ் மானேஜர்'னு சொல்லி, அதே கட்டில்ல சாயங்காலம்வரெ கிடந்து ஒறங்குற ஆளாக்கும் இது!"