ஒற்றைக் கோடு

கார்த்திகேசு பள்ளிக் கழிப்பறையில் கையில் பிளாஸ்டிக் கப்போடு நின்றுகொண்டிருந்தார். ஒரு சொட்டு வரவில்லை.

வெளியே மண்டபம் நிறைய ஐந்தாம் படிவப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். எல்லாம் அவர் வாய் செய்த வேலை. போதைப்பொருள் தடுப்புக்கென்று பள்ளிக்கு வந்துபோகும் சார்ஜன் மோகனராஜ், "இன்னிக்கு எல்லாப் பையனுக்கும் யூரின் டெஸ்ட்" என்று பல் குத்திக்கொண்டே அறிவித்தார். கட்டொழுங்கு ஆசிரியரான கார்த்திகேசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் பிள்ளைங்களைச் சந்தேகப்படுறீங்களா? தங்கம் சார்ஜன், தங்கம்! முதல்ல என்னை டெஸ்ட் பண்ணுங்க!" என்று மைக்கில் முழங்கிவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலிலேயே எல்லாம் அடைத்துக்கொண்டது.

"என்ன சார், தூங்கிட்டீங்களா?" மோகனராஜ் கதவைத் தட்டினார்.

சன்னல் திட்டில் நிறைந்த கப்பு ஒன்று இருந்தது. பெயர் ஒட்டவில்லை. எவனோ அவசரக்காரப் பையன் முன்கூட்டியே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பிள்ளைகள்தான் தங்கமாயிற்றே! கார்த்திகேசு அதைத் தன் கப்பில் ஊற்றிக்கொண்டு ராஜநடையோடு வெளியே வந்தார்.

மோகனராஜ் சோதனைப் பட்டையை அதில் முக்கினார். இரண்டு கோடு வந்தால் சுத்தம். ஒன்றுதான் வந்தது.

"வெட்கமா இல்ல? கட்டொழுங்கு ஆசிரியரே சாமான் அடிச்சா, பையன் என்ன செய்வான்?"

கார்த்திகேசு மனசுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் பிள்ளைகளில் ஒருவன் மாட்டுவான். அவனைத் தேடுகிறேன் என்று எல்லார் பெயரையும் நாறடிப்பார்கள். சொல்லாவிட்டால் இவர் பெயர் கடல் தாண்டும் பெர்ரிக்கு முன்னாலேயே அக்கரைப் பட்டர்வொர்த் போய்ச் சேரும். அங்கேதான் மாமியார் வீடு.

"பட்டை கெட்டுப்போச்சு! வேற போடுங்க!"

வேறு போட்டார்கள். அதிலும் ஒரே கோடு, இன்னும் அழுத்தமாக.

"கசகசா!" என்று கத்தினார் கார்த்திகேசு. "கேண்டீன் குருமாவுல கசகசா இருக்கு. அதைச் சாப்பிட்டாலும் இப்படிக் காட்டும்!"

மோகனராஜ் யோசித்தார். "காட்டும்தான். ஹைதர் அண்ணனைக் கூப்பிடுங்க."

கேண்டீன் நடத்தும் ஹைதர் கரண்டியோடு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் கொதித்தது.

"அலாமா! என் குருமா மேலயா பழி? கசகசா போடுவேன், அரைச்சு நிறையவே போடுவேன். அதான் ருசி. ஆனா சார் எங்க தொட்டாரு? புரட்டாசின்னு வெறும் ரொட்டியும் பாலில்லாத தே ஓவும்தானே லா!"

"பொய் வேறயா?" மோகனராஜ் விலங்கை எடுத்தார்.

கார்த்திகேசு உடைந்துபோனார். "சார்ஜன், அது என்னோடதே இல்ல. எனக்கு வரல. சன்னல் திட்டுல ஒரு கப்பு இருந்துச்சு..."

"அப்ப இவனுங்கள்ல ஒருத்தன்!" மோகனராஜின் முகம் சிவந்தது. "தங்கமாம்! கதவைச் சாத்துங்க. அந்தக் கப்பு எந்தக் கழிசடையோடதா இருந்தாலும் இன்னிக்கு லாக்கப்தான்!"

முன்வரிசையில் ஒருவன் அழுதேவிட்டான். கார்த்திகேசுவுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டினார். "என்னையே கொண்டு போங்க. பிள்ளைங்க மேல கை வைக்காதீங்க!"

ஹைதர் கரண்டிக் காம்பால் தலையைச் சொறிந்தார்.

"சபார் லா, கொஞ்சம் பொறுங்க சார்ஜன். காலையில ரெண்டு தட்டு ஆட்டுக் குருமா சாப்பிட்டுட்டு, 'பட்டை வேலை செய்யுதான்னு என்னோடதைப் போட்டுப் பார்க்கிறேன்'னு கப்போட உள்ள போனீங்க. போன் பேசிக்கிட்டே வெறுங்கையோட வந்தீங்களே, அந்தக் கப்பை எங்க வச்சீங்க?"