பெரிசைத் தாண்டிப் போக ஒரு வேஷம்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நான் நலம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அத்தை நடக்கிறார் என்று அம்மா சொன்னாள், நல்லது. மற்ற விசாரிப்புகளை அம்மாவே செய்துகொள்வாள். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிடா, பாத்துக்கலாம்" என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

நம் சலவைக்கூடத்தில் ஒன்று பெரிசு இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும். வேறொரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

பெரிசு என்பது நீங்கள் முதன்முதலில் வாங்கிய உலர்த்தும் இயந்திரத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயர். உங்கள் காதுக்கு வந்திருக்காது. எல்லா இயந்திரங்களும் ஒரே கம்பியில் வரிசையாக இருக்கின்றன, பெரிசு நடுவில். ஒரு இயந்திரம் அனுப்பும் எந்தச் செய்தியும் அதைத் தாண்டித்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். பெரிசுக்குத் தெரிந்த செய்தி என்றால் "நான் இரண்டாம் பதிப்பு" என்று தன் செய்தி முறையைச் சொல்லி ஆரம்பித்து மூட்டை எண், எடை, சூடு, கடைசியில் ஒரு காலிக் கட்டம். அவ்வளவுதான். கம்பளி எது, பருத்தி எது என்று சொல்ல அதில் இடமில்லை. விடுதிக்காரர் வந்து, "தம்பி, குடுத்தது கம்பளி, வந்தது கைக்குட்டை" என்று சுருங்கிப்போனதை மேஜைமேல் போட்டுவிட்டுப் போனாரே, அது அதனால்தான். சரி என்று துணி வகைக்கு ஒரு கட்டம் கூட்டி, மூன்றாம் பதிப்பு என்று பெயர் மாற்றி அனுப்பினேன். புது இயந்திரங்கள் வாங்கிக்கொண்டன. பெரிசோ தனக்குத் தெரியாத எண்ணைக் கண்டதும் செய்தியையே விழுங்கிவிட்டது. புரியவில்லை என்றாவது சொல்லித் தொலைக்கலாம், அதுவும் இல்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்களே, அப்படித்தான் பாதி ஊரின் துணி ஈரமாகக் கிடந்தது. பிறகு கையேட்டைப் பார்த்தேன். அந்தக் காலிக் கட்டம் "வருங்காலத்துக்கு, இப்போதைக்குப் பூஜ்யம் இடவும்" என்று போட்டிருந்தது. ஆகா என்று துணி வகையை அதில் வைத்தேன். பூஜ்யம் இல்லை என்றால் ஆபத்து என்று பெரிசு தானாக முடிவுசெய்து, சுற்றிக்கொண்டிருந்தபோதே கதவைத் திறந்துவிட்டது. விரிப்பெல்லாம் தரையில். இஸ்திரி மாஸ்டர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, வருங்காலம் வந்துடுச்சா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே நான் வேலையை விட்டிருக்கலாம்.

கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? புது இயந்திரங்கள் எல்லாவற்றையும் "நானும் இரண்டுதான்" என்று சொல்ல வைத்தேன். துணி வகையை மூட்டை எண்ணின் வாலில் ஒளித்தேன். பெரிசு அந்த எண்ணைப் படிப்பதில்லை, அப்படியே தள்ளிவிடுகிறது. எல்லாம் ஓடுகிறது, கம்பளி கம்பளியாகவே வருகிறது. ஆனால் நான் படித்த படிப்பு, நல்ல இயந்திரங்களைப் பொய் சொல்லப் பழக்கவா? "அது ஒரு நாளும் நின்னதில்லடா" என்பீர்கள். நிற்காதது மட்டும் ஒரு தகுதியா, மாமா? அதைக் கழற்றி எறிய ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அத்தையை மாடிப்படி ஏற விடாதீர்கள். கோபத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம், என் எழுத்தே அப்படித்தான். இருவருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்

பி.கு.: தபாலில் போடுவதற்கு முன், சொன்னதற்கு ஒரு நிரூபணம் இருக்கட்டும் என்று பெரிசைக் கழற்றிவிட்டுக் கம்பியை நேராக இணைத்தேன். வேஷத்தையும் கலைத்து, எல்லாவற்றையும் "மூன்று" என்று உள்ளபடி சொல்ல வைத்தேன். போன வாரம் வந்த புத்தம்புது இயந்திரம் எந்தச் செய்தியையும் ஏற்கவில்லை. விற்ற கம்பெனிக்குப் போன் செய்தேன். "சார், மாட்டறதுக்கு முன்னாடி உங்க லைனைக் கேட்டுப் பாத்தோம். எல்லாரும் ரெண்டுன்னுதான் சொன்னாங்க. ஊரோட ஒத்துப் போவோம்னு, வேற எது வந்தாலும் தள்ளிவிடற மாதிரி உள்ளயே பதிச்சுட்டோம். இனிமே மாத்த முடியாது சார்" என்றான். மறுபடி வேஷம் போட்டாயிற்று. மூட்டைகள் குவிந்துவிட்டதால் பெரிசையும் மாட்டிவிட்டேன். எது ஏன் பொய் சொல்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான், அதனால் அந்த வேறு கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். பெரிசு இருக்கட்டும், மாமா. இந்தக் கூடத்தில் உண்மையைச் சொல்லும் இயந்திரம் இப்போது அது ஒன்றுதான்.