நாலு டிகிரிக்குக் கீழே கங்கை

தெரியாமல் செய்த தவறுக்கு மன்னிப்பு உண்டு. தெரிந்ததை வைத்துக்கொண்டே தவறு செய்தவனுக்கு என்ன உண்டு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் அந்த ரகம்.

மும்பை மாட்டுங்காவில் ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கும் இயற்பியல் வாத்தியார் நான். கல்லூரியில் என் பாடம் வெப்ப இயக்கவியல். எந்தப் பொருளும் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீரும் நாலு டிகிரி வரை ஒழுங்காகச் சுருங்கும். அதற்குக் கீழே போனால் குணம் மாறி விரியும். உறைந்துவிட்டால் இன்னும் அதிக இடம் கேட்கும். குளிர்நாடுகளில் குழாய் வெடிப்பது ஏன் என்பது நான் வருஷம் தவறாமல் கேட்ட பரீட்சைக் கேள்வி. (பதில் எழுதாதவர்களை வகுப்பில் எழுப்பி நிறுத்தி வைத்து அவமானப்படுத்தியிருக்கிறேன். அவர்கள் யாரும் இதைப் படிக்காமல் இருக்கக் கடவர்கள்.)

செம்பூரில் இருக்கும் என் அக்கா போன வருஷம் காசிக்குப் போய்வந்தாள். அத்திம்பேரும் அவளும் சேர்ந்து போவதாக இருந்த யாத்திரை. அவர் முந்திக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டதால் இவள் தனியாகப் போனாள். கங்கை ஜலத்தை ஈயம் வைத்து அடைத்த தாமிரச் சொம்பில் கொண்டுவந்து, ராமேஸ்வரத்தில் அபிஷேகத்துக்குக் கொடுத்தால்தான் யாத்திரை பூர்த்தி. அதுவரை அடைப்பை உடைக்கக் கூடாது.

ராமேஸ்வரம் கிளம்புவதற்கு முதல் நாள், சொம்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"அடி ஓரத்துல சொட்டறதுடா. ராமேஸ்வரம் போறதுக்குள்ள காலியாயிடும் போல இருக்கு. நீ படிச்சவன். முத்திரையை உடைக்காம ஏதாவது பண்ணு. காலம்பற வந்து எடுத்துக்கறேன். மத்தியானம் குர்லாவுல ரயில்."

படிச்சவன் என்ற சொல் போதுமானதாக இருந்தது. அக்கா படியிறங்கியதும் என் மனைவி சொன்னாள்: "ஏன்னா, இதை அப்படியே ஒரு எவர்சில்வர் தூக்குல வெச்சுக் கொடுத்துடலாமே. ஒழுகினாலும் தூக்குக்குள்ளதானே ஒழுகும்?"

"அது சமாளிப்பு. தீர்வு இல்லை" என்றேன். (இப்படிப் பேசுகிறவனோடு ஒருத்தி குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.)

என் தீர்வு இதுதான். ஈரத்தில் பசை ஒட்டாது. ஜலம் உறைந்துவிட்டால் ஒழுக்கு நிற்கும். ஒழுக்கு நின்றால் ஓரத்தைத் துடைத்துப் பசை பூசிவிடலாம். சொம்பை ஃப்ரீசரில், துருவின தேங்காய்க்கும் பட்டாணிப் பொட்டலத்துக்கும் நடுவில் வைத்தேன். திடப்பொருள் ஒழுகாது என்று மனைவிக்கு ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். நாலு டிகிரி வரை கங்கையும் என் பேச்சைக் கேட்டிருக்கும்.

காலையில் அக்கா வந்து நின்றாள். "ஒழுகறதா?"

"இல்லக்கா" என்று பெருமையாக ஃப்ரீசரைத் திறந்தேன்.

உண்மையிலேயே ஒழுகவில்லை. சொம்பின் அடி உப்பி, பக்கம் மேலிருந்து கீழாகக் கிழிந்திருந்தது. கிழிசல் வழியாகக் கங்கை வெள்ளையாகப் பிதுங்கிக்கொண்டு நின்றது.

அக்கா சொம்பை வாங்கிப் புடவைத் தலைப்பில் ஏந்திக்கொண்டாள். கிழிசலை விரலால் தடவினாள். அத்திம்பேர் காரியத்தின்போதுகூட நான் அவள் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. கீழே டாக்ஸியில் காத்திருந்த அவள் மகன் ஃபோனில், "அம்மா, ஜல்தி வா, மீட்டர் ஓடறது" என்றான்.

கடைசியில் என்னைக் கேட்டாள். "ஜலம் இப்படிப் பண்ணும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அதைத்தான்க்கா காலேஜ்ல சொல்லிக்கொடுத்தேன்."

"பசங்க பாஸ் பண்ணினாளா?"

"பண்ணினா."

"அவாளாவது."

பிறகு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஈயம் வைத்த இடம் அப்படியே இருந்தது. "முத்திரை உடையலை. சொம்புதானே உடைஞ்சிருக்கு" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் எவர்சில்வர் தூக்கை நீட்டினாள். அந்த மௌனத்தை நான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிழிந்த சொம்பு, அடைத்த மூடி, உறைந்த கங்கை எல்லாம் அதற்குள் போயின. அக்கா தூக்கை மடியில் வைத்துக்கொண்டு குர்லாவுக்குப் போனாள்.

சில நாள் கழித்து ராமேஸ்வரத்திலிருந்து ஃபோன் வந்தது. "ஸ்வாமி தலையில விட்டாச்சு" என்றாள். நான் அழுதேன். மனைவி தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைத்து அதை மறைத்தாள்.

திரும்பி வந்ததும் அக்கா சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு சின்னக் கங்கைச் சொம்பு கொடுத்தாள். கடைசி மூச்சின்போது வாயில் விடுவதற்காக எல்லார் வீட்டிலும் பூஜை அலமாரியில் இருக்குமே, அது. என் கையில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்தாள். முக்கால்தான் நிரம்பியிருந்தது.

"ஏன்க்கா, எனக்கு மட்டும் குறைச்சல்?"

"குறைச்சல் இல்லடா. விரியறதுக்கு இடம் விட்டிருக்கேன்."