இன்று இறைச்சி தீர்ந்துவிட்டது

எங்கள் சோனோரா மாநிலத்தில் வெங்காயம் ஓர் உணவு அல்ல. இதை நான் சொல்லவில்லை. எங்கள் நகராட்சியின் உணவுக்கடை ஒழுங்குமுறை, பதினேழாம் பிரிவு சொல்கிறது. தட்டச்சு செய்தவனே நான்தான் என்பதால் எனக்கு மனப்பாடம். சுட்ட இறைச்சி வாங்கினால் கூடவே சும்மா வைப்பதுதான் வெங்காயம். அதற்கென்று யாரும் விலை கேட்டதில்லை.

எடுவிகெஸ் அக்கா கேட்டாள். எங்கள் அலுவலக வாசலில் கரியடுப்பு போட்டு, குட்டி வெங்காயத்தைத் தாளோடு வெளியே கருகி உள்ளே குழையும்வரை சுடுவாள். உப்புத் தூவி, எலுமிச்சை பிழிந்து, ஒரு முழ அகலத்துக்கு விரிந்த தோர்த்தியா என்கிற மெல்லிய மைதா ரொட்டியில் சுருட்டித் தருவாள். பத்து மணிக்கு அந்த வாசனை மாடியேறினால் அப்புறம் ஒரு கோப்பும் நகராது. புருஷன் விட்டுப் போனபின் மூன்று பெண்களை அந்த ஒரே அடுப்புதான் படிக்க வைத்தது.

உரிமத்தைப் புதுப்பிக்க வந்தவளை அதிகாரி பல்தோமேரோ எஸ்காஸ் மேலும் கீழும் பார்த்தார்.

"முதன்மை உணவுங்கிற கட்டத்துல வெங்காயம்னு எழுதியிருக்கீங்களேம்மா. அது துணை உணவு."

"அப்போ தோர்த்தியான்னு போட்டுக்குங்க."

"அது உறை. இறைச்சி எங்க?"

"நான் இறைச்சியே விக்கலையே ஐயா!"

"இல்லாத இறைச்சிக்கு வெங்காயம் எப்படித் துணையா இருக்கும்? வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லாட்டி அடுப்பைத் தூக்கிடுவோம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ காலையில ரெண்டு முழுங்கினியே, அது என்னவாம்?"

"துணை உணவுக்கா," என்றேன். எனக்கும் வேலை வேண்டுமே.

வெள்ளிக்கிழமை கடையில் ஒரு பலகை தொங்கியது: 'சுட்ட மாட்டிறைச்சி. வெங்காயம் இலவசம்.' அடியில் சின்னதாக: 'இன்று இறைச்சி தீர்ந்துவிட்டது.'

பல்தோமேரோ இரண்டு தடவை படித்தார். "தீர்ந்துபோச்சுன்னா, இருந்திருக்குன்னுதானே அர்த்தம்?" என்று முத்திரை குத்திவிட்டார்.

பலகை மறுநாளும் அப்படியே தொங்கியது. அதற்கடுத்த நாளும். தினமும் தீர்ந்துபோகிற இறைச்சி என்றால் சும்மாவா? தலைநகர் எர்மோசியோவிலிருந்து கார் போட்டுக்கொண்டு இளசுகள் வந்தன.

"இன்னிக்கும் தீந்துடுச்சா?"

"இப்பதான் கண்ணு, ஒரு நிமிஷம் முந்தி."

"ச்சே!" என்பார்கள். இறைச்சிக்கான விலையைக் கொடுத்து, இலவச வெங்காயத்தைத் தின்று, பலகை முன் படமெடுத்துக்கொண்டு போவார்கள்.

செப்டம்பர் விழாவில் 'ஊரின் சிறந்த இறைச்சி' விருது அவளுக்கே. நடுவர்கள் மூவரில் நானும் ஒருவன். 'மிக மென்மையானது' என்று என் கையாலேயே எழுதினேன். பல்தோமேரோ ஒரே ஒரு குறை கண்டார்: 'வெங்காயம் இறைச்சியின் சுவையை மறைக்கிறது. திங்கள் முதல் நிறுத்தவும்.'

"வெங்காயத்தை எடுத்துட்டா உள்ள என்னய்யா இருக்கும்?"

"இறைச்சிம்மா. பின்ன எதுக்கு விருது குடுத்தோம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வராத கடிதம் ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை வரிசை தெருமுனை வரை நின்றது. 'தீர்ந்துவிட்டது' என்ற வரியை அழித்திருந்தாள். வெறும் தோர்த்தியாவைச் சூடாக்கிச் சுருட்டி நீட்டினாள். பல்தோமேரோ கண்ணை மூடி மென்றார்.

"இப்பதான் இறைச்சியே தெரியுது!"

வரிசை முழுக்கத் தலையாட்டியது. என் முறை வந்தது. கடித்தேன்.

"எப்படியிருக்கு தம்பி?"

முன்னால் அதிகாரி, பின்னால் ஊர்.

"இறைச்சியில உப்புதான் கொஞ்சம் கம்மிக்கா."

அவள் சிரிக்கவில்லை. சுருளைப் பிரித்து, உள்ளே ஒரு சிட்டிகை தூவி, மறுபடி சுருட்டிக் கொடுத்தாள்.