நான் நலம் என்று லேப்டாப் சொல்கிறது

அன்பு மகளுக்கு, அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள். என் சௌக்கியத்தில்தான் சின்னக் குளறுபடி. பதறாமல் படி.

தினமும் காலையில் "நான் நலம்" என்று ஒரு வரி மெயில் அனுப்பச் சொல்லியிருந்தாய். அனுப்பினேன். நடுவில் சில நாள் மறந்துபோனது. உடனே போன் பண்ணி, "என்னப்பா நீங்க, ஒரு வரி அனுப்ப முடியாதா? எனக்கு இங்க உயிரே போயிடுச்சு" என்று கத்தினாய். உனக்கு ஏன் இந்த அவஸ்தை என்று, நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ஷெல் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தேன். பெரிய வித்தையெல்லாம் இல்லை. நாம் தட்டுகிற கட்டளைகளை ஒரு ஃபைலில் வரிசையாக எழுதி வைத்தால் கம்ப்யூட்டரே படித்துச் செய்துவிடும். எழுதி ஓட்டினேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. கண்ணெதிரே இருக்கிற ஃபைல்! கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு போடுங்க சார். இங்கதான் இருக்குன்னு அதுக்குச் சொல்லணும்" என்றார். போட்டேன். இப்போது அனுமதி இல்லை என்றது. "ஏங்க, என் வீடு, என் மேஜை, நான் எழுதினது, நான் யார்கிட்ட போய் அனுமதி கேக்கறது?" என்று அவரிடமே கேட்டேன். "உங்ககிட்டயேதான் சார். நீங்களே உங்களுக்குக் குடுத்துக்கணும்." உன் அம்மா இருந்தவரை இந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. ஆனாலும் துணிந்து chmod +x என்று தட்டிக் கொடுத்துக்கொண்டேன். ஓடியது. நிற்கத்தான் இல்லை. திரும்பத் திரும்பச் செய் என்று எழுதிய நான், எப்போது நிறுத்துவது என்று எழுதவில்லை. நீ மீட்டிங்கில் இருந்தபோது "நான் நலம்" கொட்டோ கொட்டென்று கொட்டியதே, அதுதான். "நலம்னு புரிஞ்சிடுச்சுப்பா, போதும்" என்று எழுதினாய். பிறகு காலையில் ஒரே ஒரு தடவை தானாகப் போகும்படி கடைக்காரர் அமைத்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் அது ஒரு நாள்கூட மறக்கவில்லை. அதனால் நீயும் போன் பண்ணவில்லை. இதை நான் யோசிக்கவே இல்லை பாரேன். இப்போதெல்லாம் ராங் நம்பர் வந்தால்கூடக் குசலம் விசாரிக்கிறேன். லோன் விற்கிற ஒரு பெண், "சார், நான் வெச்சிடட்டுமா?" என்று கெஞ்சியது.

போன வாரம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் பூசணிக்காயாய் வீங்கிவிட்டது. யாரைக் கூப்பிடுவது என்று போனைப் பார்த்தால், நான் அழைத்த நம்பரெல்லாம் கடைக்காரருடையதுதான். அவரே வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மறுநாள் தலையணைமேல் காலை வைத்துப் படுத்திருக்கிறேன், லேப்டாப் பாட்டுக்கு "நான் நலம்" என்று அனுப்புகிறது. "சூப்பர்ப்பா" என்று உன் பதில் வந்தது. சிரிக்கத்தான் ஆரம்பித்தேன், அழுகை வந்துவிட்டது.

எலும்பு முறியவில்லை, வீக்கமும் வடிகிறது. லீவு போட்டு ஓடி வராதே, உன் வேலை முக்கியம். தனியாக இருந்து எனக்குப் பழகிவிட்டது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியதை விடு. ஸ்கிரிப்டில் ஒரு வரியை மாற்றிவிட்டேன். நாளைக் காலையிலிருந்து "நலமில்லை, கிளம்பி வா" என்று போகும். நீ வாசலில் வந்து நிற்கிறவரை தினமும் போகும். எனக்கு நிறுத்தத் தெரியும். நிறுத்தமாட்டேன்.